இடது கையின் அளவு

மகாராணிக்கு உன் வேலைக்காரப் புருஷன் கும்பிட்டு எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் வலி இந்த வாரம் எப்படி?

நான் தைத்தனுப்பிய ரவிக்கையில் உன் வீங்கிய இடது கை நுழையவில்லையாமே. உங்கள் மார்புப் புற்றுநோய்ப் பெண்கள் கூட்டத்து டீச்சரம்மா போனில் சொன்னார். "கவலைப்படாதீங்கண்ணே, தையலைப் பிரிச்சு ஒட்டுத்துணி வச்சுட்டோம். ஆஸ்பத்திரிக்கும் நாங்களே முறைபோட்டுக் கூட்டிட்டுப் போறோம்." நோய் எலும்புவரை போன அவர் உனக்காக ஊசி பிடிக்கிறார். தையல்காரன் நான் இங்கே வெளியூர்க் கம்பெனியில் யார் யாருக்கோ தைக்கிறேன்.

அந்த யோசனையில் நேற்று ஒரு சட்டைக்கு, பெரிய சைஸ் கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். "ஏன்யா, இது ரெண்டு பேருக்கான சட்டையா?" என்றார் சூப்பர்வைசர். "ஒருத்திக்குத்தான் சார், மகாராணி உடம்பு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இனிக் குணமாகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும் என்று டாக்டர் சொன்னதை உன் கூட்டத்துப் பெண்களிடம் சொல்லி அழுதாயாம். என்னிடம் மட்டும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய்.

பெட்டியில் என் பழைய டேப் இருக்கும். டீச்சரம்மாவைக் கையை அளக்கச் சொல். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. புது ரவிக்கைத் துணியை வெட்டாமல் வைத்திருக்கிறேன். வந்த அளவை அப்படியே எழுது, எனக்காக ஒரு நூல்கூடக் குறைக்காதே.

மணி அடித்துவிட்டது, மிஷினுக்குப் போகிறேன்.