எப்பவும் போலத்தான் கீது

பாசக்கார நைனாவுக்கு,

நீ உட்கார்ந்தபடியே தூங்கிய ஈசிச்சேரை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மா அதில் துவைத்த துணியை மடித்து வைக்கிறாள். உன் போனில் இருந்ததே ஒரு ஆப், அதைப் போலவே இன்னொன்று எங்கள் கிளினிக் வாசலுக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொண்டுவந்தவர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர், நல்ல பேச்சு. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் காலையில் வீட்டிலிருந்தே பதில் சொல்வார்களாம். பச்சை வந்தால் என்னைப் போன்ற நர்ஸ் நேரில் போகவே வேண்டாமாம், சிவப்பு வந்தால் போனால் போதுமாம். திருவொற்றியூருக்கும் காத்திவாக்கத்துக்கும் அலைகிற என் காலுக்கு அது இனிமையாகத்தான் இருந்தது. உன் போனில் அது வந்தபோதும் இப்படித்தான் இனித்தது. அதனாலேயே நான் உடனே தலையாட்டவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? காலை ஏழு மணிக்கு உன் போன் மணியடிக்கும். மூச்சுத்திணறல் வழக்கத்தைவிட அதிகமா என்று கேட்கும். நீ கண்ணாடியைத் தேடியெடுத்து, "எப்பவும் போலத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே 'இல்லை'யை அழுத்துவாய். ஹார்பரில் முப்பது வருஷம் கரி இறக்கிய உனக்கு வழக்கம் என்றால் என்ன? குழாயடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பது வழக்கம். படுக்காமல் தூங்குவது வழக்கம். எண்ணூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்தக் கேள்வியை எழுதின மகராசன் நம் தெருவில் ஒரு நாளாவது நின்றிருப்பானா?

செவ்வாய் தவறாமல் உன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த நான், பச்சைதான் வருகிறதே என்று மூன்று வாரம் வரவில்லை. அம்மா போன் செய்து, "இன்னாமோ மாதிரி கீறாரும்மா" என்றாள். நான் என் போனிலேயே ஆப்பைத் திறந்து உன் பச்சையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, பயப்படாதே என்றேன். பக்கத்தில் இருந்து பார்த்தவளை விட்டுவிட்டு ஒரு பச்சை வட்டத்தை நம்பினேன், நைனா. மறுநாள் காலை நீ இல்லை.

இப்போது கிளினிக் டாக்டரம்மா என்னிடம், "நீ சரி என்றால் அடுத்த மாதமே சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நம் பக்கத்து மூச்சு நோயாளிகள் அத்தனை பேரும் என் ஒரு வார்த்தையில் மாட்டியிருக்கிறார்கள். நான் அந்தச் சட்டைக்காரரை விடவில்லை. யாரிடம் சோதித்துப் பார்த்தீர்கள் என்றேன். ஆயிரக்கணக்கானவர்களிடம் என்றார். எந்த ஊரில் என்றேன், சிரித்தார். சிவப்பு வரும் நேரத்தில் நான் பார்க்காவிட்டால் யாருக்குத் தகவல் போகும்? வீட்டில் இருக்கிற ஒரே போனை மகன் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? குறித்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பத்து வீட்டில் பார்த்துவிடுவோம் என்றேன். காலையில் அவர்கள் அழுத்தட்டும், அதே காலையில் நாமும் போய் நேரில் பார்ப்போம். மூன்றாவது வீடு காத்திவாக்கத்தில் கன்னியம்மா வீடு. கழிமுகத்தில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். போனில் பச்சை. உள்ளேயிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றாள். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"எப்பவும் போலத்தான்..." மூச்சு வாங்கிவிட்டு, "...கீது, சிஸ்டர்."

நீ சொன்ன அதே வார்த்தை, நைனா. ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று கேட்டேன். "செவுத்துல சாஞ்சிக்கினுதான். படுத்தா மூச்சு முட்டுது." அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பாயில் படுத்துத் தூங்குகிறாள்.

அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த ஆள், அது ஒரு தவறிய கேஸ் என்று ஆரம்பித்தார். நான் பையிலிருந்து உன் போனை எடுத்தேன். உன் ஆப் இன்னும் அதில் இருக்கிறது, அவருடைய ஆப் கேட்கிற அதே கேள்வியை இன்னும் காலையில் கேட்கிறது. அவர் கண் எதிரே 'இல்லை'யை அழுத்தினேன். பச்சை வந்தது. யாருடைய போன் என்று கேட்டார்.

"எங்க நைனாவோடது. அவர் செத்து எட்டு மாசம் ஆவுது."

அவர் நோட்டை மறுபடி திறந்து வைத்துக்கொண்டார். படுத்துத் தூங்கினீர்களா, குழாயடி வரை நிற்காமல் போனீர்களா என்று கேள்வியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். வரட்டும். அப்போதும் சும்மா நம்பிவிட மாட்டேன், அதே பத்து வீட்டுக்கும் அவரை மறுபடி நடக்க வைப்பேன். அதுவரை டாக்டரம்மாவிடம் 'சரி' சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். போனில் எந்த நிறம் வந்தாலும் வரட்டும். வீட்டில் ஒருத்தர் "இன்னாமோ மாதிரி கீறாரு" என்று சொன்னால், அடுத்த வார்த்தை கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மூன்று செவ்வாய்க்கிழமை வராமல் போன
உன் மூத்த மகள்,
தேவி