பேபி வீட்டுத் தண்ணீர்

மார்ச் 25, 2025, செவ்வாய்

மறுபடியும் ஓதம். ஜெரூஷாவுக்கென்று ஒதுக்கிய அறையில், போன மாதம் அடித்த பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. கீழ்க்கட்டளையில் மாமியார் வீட்டிலிருந்து அவள் போன் செய்தாள். "சுவர் காஞ்சாதான் அனுப்புவாங்களாம்மா. பச்சக் கொழந்தைக்குப் பூஞ்சக் காத்து ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க." தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர முடியாத அம்மா நான். இன்னும் ஏழே வாரம்.

மார்ச் 29

பிளம்பர் முதாசிர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "மழையே இல்ல டீச்சர், அப்பவும் செவுரு நனைஞ்சி கீது. பக்கத்து வூட்டுத் தண்ணிதான். அவங்க துவைக்கிற எடத்துல சொட்டு நீலம் ஊத்திப் பாத்தா தெரிஞ்சிடும்."

பக்கத்து வீடு என்றால் என் கணவர் டேனியலின் தம்பி ஃபிரெடி, அவன் மனைவி பேபி. ஒரே வீடாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினோம். அதன்பிறகு சர்ச்சில் ஒரு "ஸ்தோத்திரம்", அத்தோடு சரி.

போய்க் கேட்டேன். பேபி ஜன்னலிலிருந்தே பதில் சொன்னாள். "எங்க தண்ணில சாயம் கலக்க நீங்க யாருக்கா?"

அக்காவாம்! இருக்கட்டும். அவளை அழவைக்காமல் விடமாட்டேன்.

ஏப்ரல் 5

தாம்பரம் மார்க்கெட்டில் போய் நீலம் வாங்கினேன். தெருமுனைக் கடையில் வாங்கினால் பேபி காதுக்குப் போய்விடும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. மனதில் பகையோடு பந்திக்குப் போகக்கூடாது. நல்லதாகப் போயிற்று, தலைவலி என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கிளம்பியதும் கொல்லைக் குட்டிச்சுவருக்கு மேல் கையை நீட்டி, முழு பாட்டிலையும் அவர்கள் துவைக்கிற இடத்துக் குழியில் கவிழ்த்தேன். பின்னாலேயே நாலு வாளி தண்ணீர். ஐம்பத்தாறு வயதில்!  அப்படி ஒரு சந்தோஷம்.

ஏப்ரல் 9

நீலம்! சுவரில் ஒரு ஜாண் உயரத்துக்கு! போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மாட்டினாயா பேபி?

டேனியல் மட்டும் "தரைய ஒடைக்க வேணாம், விடு" என்கிறார். ஏன்?

ஏப்ரல் 12

உடைத்தாயிற்று. சாட்சி வேண்டுமே என்று ஃபிரெடியையும் பேபியையும் நானேதான் கூப்பிட்டேன்.

இரண்டடி ஆழத்தில் பழைய மண் குழாய். அவர்கள் துவைக்கிற தண்ணீர் எங்கள் வீட்டுக்கடியில் தெருச் சாக்கடைக்குப் போன வழி. எங்கள் பக்கத்தில் அதற்குள் சாக்கைத் திணித்து சிமெண்ட் பூசியிருந்தது.

"யாரோ வோணும்னே அடச்சிகிறாங்க டீச்சர். தண்ணி போவ வழியில்லாம செவுத்துல ஏறிகினு கீது."

டேனியலைப் பார்த்தேன். "பாகம் பிரிச்சப்போ நீதான சொன்ன? அவ அழுக்குத் தண்ணி என் காலுக்குக் கீழ ஓடக்கூடாதுன்னு. அன்னிக்கே அடச்சிட்டேன்."

சொன்னேன். சொன்னேன்தான். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன், அதுக்காக இப்படியா -

பேபி குழியையே பார்த்தாள். "அதான் எட்டு வருஷமா எங்க பக்கம் தண்ணி எறங்கவே இல்லயா?" ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

சர்ச்சில் பேபி பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரவில்லை.

மே 3

அடைப்பை எடுத்தும் சுவர் காய இன்னும் இரண்டு மாதமாகுமாம். ஜெரூஷாவின் மாமியாருக்கு பேபியே போன் செய்திருக்கிறாள். "எங்க முன்ரூம் நல்லா காஞ்சுதான் இருக்கு, பிள்ளய அனுப்புங்க." என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! எரிகிறது எனக்கு. வேண்டாம் என்று சொல்ல எந்த முகம் இருக்கிறது?

ஜூன் 3

பேத்தி பிறந்து பதினெட்டு நாள். அவளைப் பார்க்க தினமும் பேபி வீட்டு மணியை அடித்துவிட்டு நிற்கிறேன். தினமும் பேபியேதான் வந்து திறக்கிறாள். "வாங்கக்கா, முழிச்சிட்டுதான் இருக்கா."

இன்று கிளம்பும்போது குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "கழுத்தப் பாத்துப் பிடி, பேபி" என்று அதட்டல்தான் வந்தது.

"சரிக்கா" என்றாள்.