அப்பாவுக்குத் தலைசுற்றிய வீடு

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், உன் அப்பா தேவைக்கு மேலேயே நலம். நீயும் இந்த வரிவரைக்கும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இதற்குமேல் நான் பொறுப்பில்லை. முதலில் ஒரு விஷயம். வேலையை விடுவதாக எழுதிவைத்திருக்கும் கடிதத்தை மாதக் கடைசியில் ஆபீசில் கொடுக்கப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைக் கொடுக்காதே. முந்தாநாள் போனில் என் கடிதம் கைக்கு வரும்வரை பொறு என்று மட்டும் சொன்னேன், ஏன் ஏன் என்று நீ நாலு தடவை கேட்டதற்கு அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், கடிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது, நானும் முழுதாகச் சொல்லிமுடிக்கலாம். விஷயம் இதுதான். உன் அப்பாவுக்கு ஒரு நோயும் இல்லை. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நீ அங்கே எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு வரவேண்டிய அவசியம் இல்லை. அவருடைய தலை சுற்றவில்லை, வீடுதான் ஆடியது, ஆட்டிவிட்டது நான். இனி உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் இருக்கிற கொஞ்சநஞ்ச நியாயமாவது எடுபடும். எல்லோரையும்போல் செங்கல் அடுக்கி ஒரு வீடு கட்டலாம் என்றுதான் நான் சொன்னேன். நீதான் அங்கே இருந்துகொண்டு இரும்புத் தூண், இரும்பு உத்தரம், எல்லாம் போல்ட் போட்டு முடுக்குவது, சுவரெல்லாம் வெறும் பலகை என்று படம் வரைந்து அனுப்பினாய். பட்டறையிலேயே வெட்டித் துளைபோட்டு லாரியில் வந்திறங்கிய இரும்பை நாலே நாளில் நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள், தெருவே வாயைப் பிளந்தது. எதிர்வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து, "வீடு கட்டுறீங்களா, இல்ல யாரையாவது பிடிச்சு உள்ள வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். உங்களைத்தான், பூட்டு மட்டும் வரட்டும் என்றார் உன் அப்பா. அந்தப் படத்தில் நாலு பக்கமும் ஒவ்வோர் இடத்தில், தூணுக்குத் தூண் கோணலாக இரண்டு இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் அல்லவா, மூன்று பக்கம் அவை பலகைக்குள் மறைந்துபோயின. முன்பக்கத்தது மட்டும் நேரே என் சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே வந்து நின்றது. அந்த இடத்தில் ஜன்னல் வைக்காதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வைத்தால்தான் தெரு தெரியும். தெருவைப் பார்க்காமல் நான் என்றைக்குச் சமைத்திருக்கிறேன்?

குடிவந்த முதல் வாரமே அது கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் நான் போட்ட தப்புக் குறியெல்லாம் ஒன்றாகத் திரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து என் ஜன்னலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. உப்புப் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு. உன் அப்பா இரண்டு நாள் உன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, இந்த இரும்பையெல்லாம் நிறுத்திக்கொடுத்த வெல்டரை வரச்சொன்னேன். அவன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது காதோரமெல்லாம் நரைத்து, சொந்தப் பட்டறை வைத்து ஆறு பேரை வேலை வாங்குகிறான், ஆனாலும் என்னைப் பார்த்தால் அவன் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடிப் போகும். இந்த இரண்டு கம்பியையும் கழற்று என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர், இது சும்மா அழகுக்கு வச்சதில்ல. மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்றான். மேடம் என்றால் நீ. கேட்டாயிற்று, அவளே சரி என்று சொல்லிவிட்டாள் என்றேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை. பொய் சொன்னதற்காக எத்தனை பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன், அவனையே ஏற்றியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பின்பக்கம் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு முழு ஜன்னலில் முழுத் தெருவையும் பார்த்துக்கொண்டே சமைத்தேன், வைத்ததெல்லாம் தீய்ந்தது, அவ்வளவு சந்தோஷம். உன் அப்பா திரும்பி வந்ததும் பின்னால் கிடந்த கம்பிகளை வேலையில் மிச்சம் விழுந்தது என்று நினைத்து மண்ணில் நட்டுப் பீன்ஸ் கொடியை ஏற்றிவிட்டார். ஜன்னலில் ஒன்று குறைகிறதே என்று கவனிக்க அவர் என்றைக்குச் சமையலறைக்குள் வந்தார்?

அப்புறம் காற்றுக்காலம் வந்தது. உன் அப்பாவின் தலையைப் பற்றி எனக்கு முப்பத்தாறு வருஷமாக எத்தனையோ குறை உண்டு, ஆனால் அது சுற்றும் என்று மட்டும் நினைத்ததில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டிய மனுஷன். பின்னால் ஐம்பது பேர் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, முன்னால் இவர் கடலை கொறித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மாடிப்படி உச்சியில் நின்று, "சுவரைப் பிடிச்சா சுவரும் கூடவே வருது" என்றார். எனக்கு முழங்கால் வலி, நான் கீழேயே படுக்கிறவள், மாடியில் நடப்பது எனக்கெங்கே தெரியும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், அங்கே கொக்கு மாதிரி அசையாமல் நிற்கிறார். வீட்டுக்கு வந்து மாடி ஏறினால் கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். வயசானா இப்படித்தான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார், கண்ணாடி மாற்றினோம், ஸ்கூட்டர் சாவியை அவரே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டுப் போட்டு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, எந்தப் பத்திரம் எந்த உறையில் என்று எழுத ஆரம்பித்தார். தண்ணீர் மோட்டார் போடுவது எப்படி என்று என்னை நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கும் அதற்கும் ஆகாது என்றேன். நான் எது சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்கிறவர், அன்றைக்கு மோட்டார்க்காரரின் போன் நம்பரை நோட்டில் எனக்காக எழுதிவைத்தார். அதில் பயந்துபோய்த்தான் உனக்குப் போன் செய்தேன்.

ஒரு மத்தியானம் நல்ல காற்று. அவரால் இறங்கிவர முடியவில்லை என்று டீயை எடுத்துக்கொண்டு படிப்படியாக நானே ஏறிப்போய் மேசைமேல் வைத்துவிட்டு முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க உட்கார்ந்தேன். கப்பில் டீ இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. கொக்கியில் மாட்டியிருந்த சட்டை சுவரைவிட்டு விலகி மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. காற்று நின்றால் டீ நிற்கிறது, காற்று வந்தால் டீ நடக்கிறது. கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வீட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த கம்பிகளைத்தான் நான் கழற்றிப் பின்னால் போட்டிருக்கிறேன். மாடிக் கதவில் தாழ்ப்பாள் விழவில்லை என்று தச்சரைக் கூப்பிட்டு இரண்டு தடவை இழைக்கச் சொன்னதும், போதாக்குறைக்கு உமக்கு அளவெடுக்கவே தெரியாது என்று ஏசியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெல்டர் வந்து உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். முன்பக்கம் ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. குண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "மேடம் நெஜமாவே சரின்னாங்களா டீச்சர்?" என்று கேட்டான். இல்லை என்றேன். திட்டுவான் என்று பார்த்தேன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காலையில் ஆளோடு வருகிறேன் டீச்சர் என்றான், அது அதைவிட மோசம். மறுநாள் காலையில் நாலு பேரோடும் செயின் புல்லியோடும் வந்து வீட்டைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார்கள், வீடு தலையிலிருந்து கால்வரை முனகியது, எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்துவிட்டார். துளையும் துளையும் நேரானதும் கம்பிகளை வைத்துக் கை நீளத்துக்கு ஒரு ஸ்பானர் போட்டு முடுக்கினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வேறு ஏதாவது பார்க்கவேண்டுமானால் அவனிடமே சொல். இப்போது கதவுக்குக் கீழே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம், தச்சர் அவ்வளவு நன்றாக இழைத்திருக்கிறார்.

கம்பிக்காகப் பீன்ஸ் கொடியை அறுத்ததில்தான் உன் அப்பாவுக்கு விஷயம் தெரியவந்தது. என் கொடியில் யார் கைவைத்தது என்று சத்தம்போட்டுக்கொண்டு வந்தவரிடம் கொடி நடுவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்துவைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். நிம்மதிதான், கோபமும்தான், கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், படுக்கைக்கே டீ வருகிற சுகம் யாருக்குத்தான் கசக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூரையைப் பிய்ப்பது போலக் காற்று அடித்தபோது மேலே போய் அறை நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் மூச்சிரைக்க ஏறிப்போனபிறகும் காலை மாற்றவில்லை. பிறகு இறக்கிவைத்துவிட்டு, "அவளுக்கு நீயே எழுது. ஒண்ணையும் விடாம எழுது" என்றார்.

விட்டுவிட்டுத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். டீ ஆடியதைப் பார்த்த மத்தியானத்துக்கும் வெல்டரைக் கூப்பிட்ட காலைக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதை நைசாகத் தாண்டிவந்தேன். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கினதும் அவனைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். கையிலேயே மணி அடித்தது. நீதான். "அம்மா, நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன், இனிமே அங்கதான்" என்றாய். நான் சரி என்றேன். டீ ஆடியதைச் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக நீ வருகிறாய், பத்து நாள் பெட்டியைத் திறந்தபடியே போட்டுவைத்துவிட்டுப் போகிறாய், இனிமேல் இங்கேதான் என்று ஒரு தடவைகூட நீ சொல்லிக் கேட்டதில்லை. கேட்டதும் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. பன்னிரண்டு நாள் உன் அறையைக் கழுவினேன், துணி வாங்கித் திரைச்சீலை தைத்தேன். மேலே அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், கீழே நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். கீழே வந்து படுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவருக்குச் சரியாகியிருக்கும். சரியாகிவிட்டால் நீ வரமாட்டாய். அதனால் சொல்லவில்லை. வீடு சாய்ந்து அவர்மேல் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணுவது அதனால்தான். பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிவந்து அந்தச் சாவி நோட்டை என் மடியில் வைத்து, "அவ வந்ததும் எனக்கு ஒரு ஓரமா படுக்கை போட்டுடு. வந்த புள்ளைக்கு நான் தொந்தரவா இருக்கக்கூடாது" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் முகம் கழுவப் போனதும் வெல்டருக்குப் போன் செய்துவிட்டேன்.

எனக்கு நீ இங்கே வேண்டும். இத்தனை வருஷத்தில் இதை நேராகச் சொல்லாமல் முழங்கால் வலி, மழை ஒழுகுகிறது, எலித் தொல்லை என்று எதையாவது சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன், இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் அது என் ஆசை, அதற்காக உன் வேலையை விடாதே. உனக்காகத் தோன்றி நீ வந்தால் வா, பொய்யான நோயைக் காட்டி உன்னை வரவழைத்தால் அப்புறம் நீ என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

நீ கட்டுகிறதெல்லாம் எந்தக் காற்றிலும் ஆடாமல் நிற்கட்டும், அதில் குடியிருக்க வருகிறவர்கள் உன்னைக் கேட்காமல் எதையும் கழற்றாதவர்களாக அமையட்டும், நீ நீண்ட ஆயுளோடு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இரு. உன் அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், ஆயுளை மட்டும் தன் கணக்கிலும் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொன்னார். வெல்டரைக் கூப்பிட்டுத் திட்டாதே, பொய் சொன்னது நான். அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்ததும் எனக்கு ஒரு போன் செய். நான் சந்தோஷமாகத்தான் பேசுவேன். நடுவில் குரல் மாறினால் கண்டுகொள்ளாதே, வைத்துவிடாமல் பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா