மச்சான் வண்டியும் என் மூக்கும்

மார்ச் 4
மச்சான் தன் டாக்சியைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினான். கிழட்டுக் கார். அவன் வீட்டில் அடுப்பெரிவது இதனால்தான். சிக்னலில் நின்றால் திணறுகிறதாம், கரும்புகை தள்ளுகிறதாம், பெட்ரோலைக் குடிக்கிறதாம்.
“உன்னை வளர்த்த மாதிரிதானே அதையும் வளர்த்திருக்கே” என்றேன்.
“மாமா, விளையாடாதீங்க. இது படுத்தா நானும் படுக்கணும்.”
பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி. பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. மற்ற நாளாக இருந்தால் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து ஒரு தடவை மோந்துவிட்டு, கார்புரேட்டர் திருகை அளவாக முறுக்கி அனுப்பியிருப்பேன். போன மாதம் வந்த காய்ச்சல் விட்டதிலிருந்து மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சளி போனால் வந்துவிடும். குத்துமதிப்பாக முறுக்கினேன்.

மார்ச் 5
மதியமே திரும்பி வந்தான். அதே புகை.

மார்ச் 7
இன்னும் முறுக்கினேன். மிதித்தால் இருமுகிறது, நின்றால் புகைகிறது. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன். இனி மச்சானைத்தான் மாற்ற வேண்டும்.
“ஏறுறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கிப் போறாங்க மாமா.”
புகை உள்ளே வருகிறது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

மார்ச் 8
வண்டியும் ஓடவில்லை. மூளையும் ஓடவில்லை.

மார்ச் 10
வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவந்தாள். என்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டாள்.
“ஏங்க, பெட்ரோல் இந்த நாத்தம் நாறுது, அங்க உக்காந்து என்ன பண்றீங்க?”
“எங்க?” என்றேன்.
அவள் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.
என்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். கார்புரேட்டருக்கு அடியெல்லாம் ஈரம். உள்ளே பெட்ரோலை நிறுத்துகிற ஊசி தேய்ந்து, பொங்கிப் பொங்கி வழிந்திருக்கிறது. நான் திருகைத் திருகிக்கொண்டிருக்கிறேன்! பட்டறைப் பக்கமே வராத ஆளுக்குக்கூட மோந்தாலே தெரிந்திருக்கும். காலைல அந்த வண்டி பக்கத்துலயே வெல்டிங் வச்சேனே... பொறி ஒண்ணு பறந்திருந்தா? மச்சான் உள்ள உக்காந்திருந்தானே!
“ஊரையே கிண்டல் பண்ணத் தெரியுது, இதைச் சொல்ல வாய் வரலையா?” என்று கேட்டாள்.

மார்ச் 12
புது ஊசி போட்டுக் கொடுத்தேன். வண்டி பூனை மாதிரி போகிறது. “மாமா கை மாமா கைதான்!” என்றான். வீட்டுக்காரி தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை போல.

மார்ச் 15
டாக்டர், வாசனை வரலாம், வராமலும் போகலாம் என்றார். “எப்படியும் உங்க மருந்து நாறாது, அதுவே பெரிய நிம்மதி டாக்டர்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 19
வீட்டுக்காரியைக் கூட்டிவந்து புகைக்குழாய்ப் பக்கம் நிறுத்தினேன். “பெட்ரோல் அதிகமா, கம்மியா?”
“எனக்கு எல்லாம் ஒரே நாத்தம்தாங்க.” இருமிக்கொண்டே இன்னொரு தடவை குனிந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். போதும், வா என்று இழுத்துவந்தேன்.

மார்ச் 26
பழைய வாடிக்கைக்காரர் காரோடு வந்தார். புகை. வழக்கம்போல என்னவோ கிண்டல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “எனக்கு இப்ப வாசனை தெரியறதில்லைங்க. பக்கத்துத் தெருக் கடைல காட்டிடுங்க” என்றேன்.
சாவியை உருட்டிக்கொண்டே காரைத் திரும்பிப் பார்த்தார்.
“பிரேக்கும் சரியில்லைண்ணே. அதுக்கு மூக்கு வேணாம்ல?”
சக்கரத்தைக் கழற்றினேன்.