ஷப்ரீன் கொடுத்த கொசுறு

உத்திரமேரூர்
17.9.2002

அன்பு மகள் ஆஷிகாவுக்கு, உன் சாச்சா மக்பூல் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் இங்கே நானும் உன் சாச்சி பதுருன்னிசாவும் உன் மகள் ஷப்ரீனும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை அசீமும் அப்படியே இருப்பதாக உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இப்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார். உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். நம் ஊர்க் கல்வெட்டில் ஓரமாக ஒரு முழம் சுவர் காலியாக இருந்திருந்தால் இதை அங்கேயே செதுக்கச் சொல்லியிருப்பேன், இல்லாத குறைக்கு இந்த ஏர்மெயில் காகிதம். படிக்கும்போது பயம் வந்தால் திரும்ப இந்த வரிக்கு வந்து பார்: உன் மகள் இந்த நிமிஷம் என் எதிரில் அரிசி மூட்டைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, தராசுத் தட்டில் தன் ஒரு காலை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பூத்தில் நாலு பேர் பின்னால் நிற்கும்போது உன் சாச்சி ரிசீவரைப் பிடுங்கி அழ ஆரம்பித்தால் உத்திரமேரூர் ஏரி உடைந்துவிடும், கீழே இருக்கிற பயிர்களின் நன்மைக்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் நீ அனுப்பிய அந்தச் சிவப்பு மாத்திரை. பள்ளிக்கூடத்தில் அம்முலு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பாய், உங்க பொண்ணு உடம்பு கிளாஸ்ல கீது, மனசு பஸ் ஸ்டாண்டுல கீது, எழுதச் சொன்னா பாதி எழுத்துல எழுந்து போய்டுது, இப்பிடியே போனா அடுத்த வருஷமும் இதே பெஞ்சிதான்" என்று சொன்னதை நான் உனக்கு எழுதினேன், எழுதியது என் புத்தி. நீ அங்கே யாரிடமோ விசாரித்து, கவனம் நிற்காத பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவுதான் காரணம் என்று கேள்விப்பட்டு, விட்டமினும் இரும்புச்சத்தும் சேர்ந்த சப்பிச் சாப்பிடும் மாத்திரை ஒரு பெரிய பாட்டில் அனுப்பினாய், ஒரு நாளைக்கு ஒன்று என்று எழுதியும் இருந்தாய். பாட்டிலைத் திறந்தபோது வந்த வாசனை இருக்கிறதே, தென்னேரி வரைக்கும் போய் அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்தி மூக்கைத் தூக்கினார்களாம். உன் சாச்சி தினமும் காலையில் ஒன்று, பிஸ்மி சொல்லி, பால் கொடுத்து, ஒழுங்காகத்தான் கொடுத்தாள். கெடுத்தது நான்.

என் கை உனக்குத் தெரியும். கடை போட்ட நாளிலிருந்து அது எந்தப் பொருளையும் அளந்த இடத்தில் நின்றதில்லை. கால் கிலோ பருப்பு நிறுத்தால் மேலே ஒரு சிட்டிகை விழுந்தாக வேண்டும், கறிவேப்பிலை கேட்டால் கொத்தமல்லி ஒரு காம்பு போயாக வேண்டும், பிள்ளைகள் வந்தால் பொட்டுக்கடலை. கொசுறு கொடுக்காத கடைக்கு எவன் வருவான். மாத்திரை பாட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு வாகாக இருக்கிறது என்று சாச்சி எடுத்துக்கொண்டாள், நான் மாத்திரையைக் கொண்டுபோய்க் கடையில் பெப்பர்மிண்ட் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜாடியில் கொட்டி வைத்தேன். சாயங்காலம் ஷப்ரீன் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து கல்லாப்பெட்டியைப் பிடித்துத் தொங்கும்போது என் கை தானாக அந்த ஜாடிக்குப் போகும். ஒன்று கொடுப்பேன். சில நாள் இன்னொன்றும். மாத்திரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பெரிய புத்திசாலித்தனமாக, "இது மாத்திர இல்லடி கண்ணு, உங்கம்மா ஷார்ஜாலேர்ந்து அனுப்ச்ச கொசுறு" என்று சொல்லி வைத்தேன். இதைச் சாச்சியிடம் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்தேன். சனிக்கிழமை கூலி நாள், கூட்டம் வரும் நேரம், உன் மகள், "நான் பார்த்துக்கிறேன் நானா" என்று தாத்தாவுக்கே தைரியம் சொல்லிக் கல்லாவில் ஏறி உட்கார்ந்தாள். சாச்சி உள்ளே திரைக்குப் பின்னால்தான் இருந்தாள், மசாலா அரைத்துக்கொண்டு, ஒரு காது கடையில்தான் இருந்ததாம். நான் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், ஜாடி காலி. அடியில் சிவப்புத் தூள் மட்டும் கொஞ்சம். அவள் உதடும் நாக்கும் சிவப்பு. ஆஷிகா, அந்த ஜாடியைப் போல வெறுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கே போச்சு என்றேன். "தீந்துபோச்சு நானா" என்றாள். யார் சாப்பிட்டது என்றேன். "பல்லி வாலு மட்டும் ஏன் நானா தனியா ஆடுது" என்றாள். சாச்சி வந்து தோளைப் பிடித்து, "நீ எத்தினி துன்ன, சொல்லுடி" என்று கேட்டதற்கு வெளியே மாட்டுவண்டியில் மணி கட்டியிருக்கிறது என்று காட்டினாள். மிரட்டினோம், கெஞ்சினோம், ஒரு கேள்வி அவள் காதில் போய் உட்காருவதற்குள் எழுந்து போய்விட்டது.

தானியேல் ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சக்கரம் மூன்றும் தரையைத் தொடவே இல்லை, கடைத்தெரு மேலே பறந்தோம், கோபுரத்துப் புறா எல்லாம் எங்களுக்கு வழி விட்டன. மலர்க்கொடி டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டதும் உன் சாச்சி முந்தானைக்குள்ளிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து நீட்டினாள், அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது பார். டாக்டர் லேபிள் மேலே இருந்த எண்ணெயைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுல இரும்புச்சத்து இருக்கு பாய், அளவா எடுத்தா சத்து, சின்னப் பிள்ளைங்க கை நிறைய அள்ளிப் போட்டா விஷம், ஈரல் வரைக்கும் கெடுத்திடும், முதல்ல நல்லா விளையாடிட்டுத்தான் இருப்பாங்க, ஜாடியில எத்தனை இருந்துச்சு சொல்லுங்க" என்றார். சாச்சி தன் கணக்கைச் சொன்னாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். சாச்சியும் திரும்பினாள். ஊரில் யார் வீட்டில் என்றைக்கு மிளகாய் தீரும் என்று சொல்லத் தெரிந்த மக்பூலுக்கு, தன் பேத்திக்குத் தன் கை எத்தனை கொடுத்தது என்று தெரியவில்லை. "நீங்களும் குடுத்தீங்களா" என்று மட்டும் கேட்டாள் உன் சாச்சி, அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் வண்டிக்குச் சொன்னார்.

வண்டி வருவதற்குள் டாக்டரும் அவளிடம் கேட்டுப் பார்த்தார். அவள் ஃபேனைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், டாக்டர் கழுத்தில் தொங்கியதை எடுத்துக் காதில் மாட்டப் போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஆஸ்பத்திரித் தரையில் மண்டியிட்டு, கடைக்கு வந்தவன்போல அவள் முன்னால் கையை நீட்டி, "பாய், கால் கிலோ வெல்லம் குடுங்க" என்றேன். ஆஷிகா, அந்த முகம் அப்படியே நின்றது. இல்லாத தராசை எடுத்தாள், இல்லாத வெல்லத்தை நிறுத்தாள், காகிதத்தில் மடித்து நூல் சுற்றிக் கொடுத்தாள், "சில்லறையா குடு" என்று என்னையே அதட்டினாள், கடைசியில் விரலைக் குவித்து, "இந்தா கொசுறு" என்றாள். இன்னா கொசுறு பாய் என்று கேட்டேன். "செவப்பு மாத்திர, எங்கம்மா அனுப்ச்சது" என்றாள். அப்போதுதான் விளங்கியது. நான் சொல்லிக்கொடுத்தபடி கடையை நடத்தியிருக்கிறாள். எனக்கு முன்னால யாரு வந்தாங்க பாய் என்று கேட்கக் கேட்க வந்தது பார்: சிட்டம்மாள் காய்ந்த மிளகாயும் ஆப்ப சோடாவும், ஒன்று. ராஜாராம் துணி சோப்பு, ஒன்று. கம்மல் ஒரு காதில் மட்டும் போட்ட அக்கா நல்லெண்ணெய், ஒன்று. யாருக்கு முன்னால் யார், யார் கையில் பை, யார் கையில் தூக்கு, எல்லாம். உனக்கு என்றேன். "நான் கடக்காரன், ஒடஞ்சது ஒண்ணுதான் எடுத்துக்கினேன்" என்றாள். ஒன்றொன்றாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் மூச்சு விட்டார். மீதி எல்லாம் எங்க போச்சு பாய் என்றேன். "நீலத் துண்டு போட்டவரு உப்பு, தீப்பட்டி, மஞ்சத்தூளு, மெழுகுவத்தி, சீயக்கா வாங்கினாரு. வூட்ல பாப்பா கீதுன்னாரு. பாப்பாக்குன்னு பெரிய கொசுறா கட்டிக் குடுத்துட்டேன்" என்றாள்.

விட்ட மூச்சை டாக்டர் திரும்ப இழுத்துக்கொண்டார். உப்பிலிருந்து சீயக்காய் வரை அந்த வரிசையில் சனிக்கிழமை வாங்குகிறவன் மானாம்பதி அருள்தாஸ், அறுவடை வேலைக்கும் மூட்டை தூக்கவும் வருகிறவன், நீ பார்த்திருப்பாய். அவன் மகன் கலைச்செல்வன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். நம்மவள் தப்பித்தாள் என்று நான் அல்லாவுக்கு நன்றி சொல்ல வாய் திறந்தேன், அந்தப் பிள்ளை ஞாபகம் வந்து பாதியில் மூடினேன். மானாம்பதியில் எனக்குத் தெரிந்த ஒரே போன் பால் சொசைட்டியில், அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் வழியில் எங்கேயாவது நின்றிருக்கலாம், பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த கண்ணு கூட இருக்கட்டும், திரும்பி நேரா இங்கதான் வரணும் என்று டாக்டர் சொல்லி, செங்கல்பட்டு வண்டியைக் காத்திருக்க வைத்துவிட்டு, ஷப்ரீனையும் என்னோடு அனுப்பினார். டி.வி.எஸ். 50-ஐ எடுத்தேன். நான் போன வேகத்தில் எதிரே வந்த காஞ்சிபுரம் பஸ் பயந்து பின்னாலேயே போய்விட்டது, என் நிழல் அரைமணி கழித்துத்தான் வந்து சேர்ந்தது, வழியில் இருந்த மைல்கற்கள் எல்லாம் இன்னும் கிறுகிறுத்துக் கிடக்கின்றன.

அருள்தாஸ் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. வாயெல்லாம் சிவப்பு, மார்பு வரை வழிந்து சிவப்பு. நான் வண்டியை நிறுத்தினேனா, கீழே போட்டேனா தெரியாது. அவன் மனைவி ஜெனிஃபர் வெளியே வந்து, "வா பாய், இன்னா இம்மாந் தூரம்" என்கிறாள், நான் பிள்ளையின் வாயைக் காட்டுகிறேன். ஷப்ரீன்தான், "மாத்திர எங்க" என்றாள். எந்த மாத்திரை என்று ஜெனிஃபர் புருஷனைப் பார்த்தாள். பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்த அருள்தாஸ் அந்த நீலத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான், துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. "அதுவா பாய், கொயந்தைக்கின்னுதான் வாங்கினு வந்தேன், ஒண்ணு வாய்ல போட்டுப் பார்த்தேன், புளிப்பா சோக்கா இருந்துச்சு, வூடு வர்றதுக்குள்ள ஆயிப்போச்சு" என்றான். "அதான் தொரை என்னிக்கும் இல்லாத திருநாளா ஜவ்வு முட்டாயி வாங்கினு வந்தீங்களா, புள்ள பங்கத் துன்னுட்டு" என்று ஜெனிஃபர் பிடித்த பிடியில் அந்த ஆறடி ஆள் மூன்றடி ஆனான். பிள்ளையின் வாயை நான் மோந்து பார்த்தேன். ஜவ்வு மிட்டாய்தான். அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அருள்தாஸையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். மலை மாதிரி உடம்பைக் கெடுக்க அது போதாது என்று டாக்டர் இருக்க வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார், இரும்புச்சத்து வேலையில் இரண்டு நாள் வயிறு கறுப்பாகத் தார் ரோடு போட்டதாகக் கேள்வி. ஷப்ரீனையும் பார்த்தார், ஒன்றுமில்லை. இனி டாக்டர் சொன்னதை என் சரக்கு சேர்க்காமல் எழுதுகிறேன். சத்து மாத்திரை கொடுத்தால் பிள்ளைக்குக் கவனம் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதாம். ரத்தம் குறைவா என்று முதலில் சோதிக்க வேண்டும், குறைவு இருந்தால் தான் எழுதிக் கொடுக்கும் அளவில் இரும்புச்சத்து, இல்லாவிட்டால் முட்டை, கீரை, வேர்க்கடலை, நேரத்துக்குத் தூக்கம். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் செங்கல்பட்டில் இருக்கிறார், வரும் வியாழக்கிழமை சாச்சி கூட்டிப்போகிறாள், என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள், அதில் பாதி திட்டு. அம்முலு டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். முன் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், மனக்கணக்கைக் கடைக்கணக்காகக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், பார்ப்போம். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் வேதகிரி லீவில் வரும்போது அவரிடம் மீன் எண்ணெய்க் குளிகையும் இன்னொரு பாட்டிலும் கொடுத்தனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் தாயே, அதை மட்டும் செய்யாதே. பக்கத்தில் இருந்து ஊட்ட முடியவில்லையே என்றுதான் அனுப்புகிறாய், அது எனக்குத் தெரியாதா. உன் போட்டோ ஒன்று கொடுத்தனுப்பு, வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணு, அவள் கேள்வி கேட்டுவிட்டு ஓடினாலும் நீ லைனை வைக்காதே, திரும்ப வருவாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தரட்டும், குடும்ப விசா சீக்கிரம் கிடைக்கட்டும். பதில் போட மறக்காதே, ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன். உன் சாச்சா அளந்ததில் ஆட்டோ பறந்ததையும் பஸ் பின்னால் போனதையும் தாராளமாகக் கழித்துக்கொள். ஒரு சின்ன இடத்தை மட்டும் கழிக்காதே. மானாம்பதி போய்ச் சேரும்வரை உன் மகள் வண்டியின் முன்னால் அசையாமல் நின்றாள், ஏரியில் கொக்குக் கூட்டம் எழும்பியதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று, நீலத் துண்டு, உப்பு, தீப்பட்டி, மஞ்சத்தூளு, மெழுகுவத்தி, சீயக்கா, பாப்பா என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இது மட்டும் நிஜம், இதில் நான் கொசுறு போடவில்லை.

உன் சாச்சா,
மக்பூல்