கமலா அக்கா வீட்டு டெலிபோன்

1983 நவம்பர், வியாழன். காலையிலிருந்து மழை.

கோப்பெங் ஊர்க் கமலா அக்கா வீட்டு டெலிபோனை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். கோளாறு இதுதான்: எல்லார் பேச்சும் அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது யாருக்கும் கேட்காது. சொல்லாமல் கல்யாணம் கட்டிக்கொண்ட சிங்கப்பூர் மகன்கூட "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவானாம்.

முன்பு இரண்டு தடவை போனேன். வாசலில் லைன் வந்து சேரும் பெட்டியில் என் சோதனை போனை மாட்டி டெலிபோன் ஆபீசுக்குப் பேசினேன். கணீரென்று கேட்டது. "லைன்ல ஒன்னும் இல்ல லா அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போவதென்றால் பூட்ஸைக் கழற்ற வேண்டும். அந்தச் சோம்பல்தான்.

இன்று பூட்ஸுக்குள் தண்ணீர். கழற்றிவிட்டு உள்ளே போனேன். சாமி படத்துக்குக் கீழே போன். வாய் வைத்துப் பேசும் துளைகளை அடைத்துச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஆயுத பூசைக்கு வச்சேன் தம்பி. புதுப் போனாச்சே."

மைக்கை மாற்ற ஐந்து நிமிடம். கண்டுபிடித்துவிட்டால் இந்த வேலையில் என்னை அடிச்சிக்க ஆள் இல்லை. "அடுத்த வருசம் போன் முதுகுல வைங்கக்கா" என்றேன்.

உடனே மகனைக் கூப்பிட்டார். "ராசா" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். இன்னும் கோளாறோ என்று நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"கோவம் தீந்துச்சாம்மா?" என்று அழுதுகொண்டிருந்தான்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பூட்ஸ் கயிறு கட்டினேன்.