தோளில் இருந்த கை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
29.1.2007

அன்புள்ள கணவருக்கு,

கலைமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது. போனில் கேட்டால், "லைன் சரியில்ல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா? மட்டக்களப்பில் நீங்கள் தங்கியிருக்கும் லாட்ஜ் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

பொங்கல் பேருக்கு நடந்தது. பிரஷர் மாத்திரையை டிவி மேலேயே விட்டுப் போயிருக்கிறீர்கள். அங்கே வாங்கிக்கொண்டீர்களா? ஊர்க் கஷ்டத்தை எழுதப் போனவருக்குத் தன் உடம்பு ஞாபகம் வருமா என்ன!

உங்கள் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. உங்களோடு வந்திருக்கும் போட்டோக்காரர் ராமலிங்கம் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். குண்டுக்குப் பயந்து காட்டு வழியே நடந்துவந்த சனங்கள். நடுவில் சேறு அப்பிய பாவாடையோடு ஒரு பெண் குழந்தை. "யாருமில்லாமல் தனியே நின்றாள்" என்று எழுதியிருந்தீர்கள். நம் தெருவில் அதைப் படிக்காதவர்கள் இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம் யோகராணி என்று ஒருத்தி வந்தாள். கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமில் இருக்கிறாள். பத்திரிகை ஆபீசில் விலாசம் வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அந்தக் குழந்தை அவள் அண்ணன் மகளாம். பேர் நிரோஜினி, எட்டு வயது. தாய் முன்பே இறந்துவிட்டாள். அண்ணனைப் பற்றி மூன்று மாதமாகத் தகவல் இல்லை. படத்தின் ஓரத்தில் குழந்தையின் தோள்மேல் ஒரு கை மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அதைத் தொட்டுக் காட்டி, "இது எங்கட அண்ணன்ட கைதான் அக்கா. வலை இழுக்கக்குள்ள மடங்கின விரல்" என்றாள். கொடுத்த காபி ஆறிப்போனது.

நானும் பார்த்தேன். மடங்கிய சுண்டுவிரல். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, இரட்டை முடிச்சு. பத்திரிகைக்கு வருமுன் நீங்கள் வேலை பார்த்த மேட்டுப்பாளையம் கம்பெனி மிஷின் மடக்கிய விரல் அது. முடிச்சுப் போட்டவள் நான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாழும் வாய், "அப்படித்தாம்மா தெரியுது" என்று சொல்லிவிட்டது. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று முகாம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாளாம். எனக்கும் ஒரு தூக்கில் கொண்டுவந்தாள். மூடியைத் திறக்காமலே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே முகாமுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

உங்கள்மேலும் கோபம்தான். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவள் எப்படித் தனியே நின்றாள்? படத்துக்காக வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தினீர்களா, விழாமல் பிடித்தீர்களா? எதுவாகவும் இருக்கட்டும். படம் எடுத்ததும் கையை எடுத்துவிட்டீர்களா? அவள் எங்கே போனாள் என்று பார்த்தீர்களா? பேராவது கேட்டீர்களா? செய்தியில் பேர் இல்லையே.

யோகராணி எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தகப்பன் பேர் சிவநேசன். குழந்தைக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம். வேறு செய்தி எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவளைத் தேடுங்கள்.

மணக்குள விநாயகர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவளைக் கண்டால், அத்தை இருக்கிறாள் என்று சொல்லுங்கள். திரும்பவும் தோளில் கை வையுங்கள். பொறுப்பானவர்கள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை எடுக்காதீர்கள்.

உங்கள்,
கலைமகள்